நடை பார்த்த கிரீடம்

இந்த நினைவு மலரின் அட்டையில் எங்கள் அண்ணன் ராஜ கிரீடம் வைத்துக்கொண்டு நிற்கிறார். அச்சுக்குப் போகும் முன்பே படத்தைக் கைபேசியில் பார்த்துவிட்ட உறவினர்கள் ஆளுக்கொன்றாகக் கேட்டார்கள். “நெத்தியில விபூதி வச்சிக்கினு லட்சணமா ஒரு போட்டோ கூடவா இல்ல?” என்று பெரியம்மா வருத்தப்பட்டார். “அவன் எந்தக் காலத்துல கூத்து ஆடினான்?” என்று சித்தப்பா கேட்டார். அச்சகத்துத் தம்பிக்கு வேறு கவலை. “அக்கா, ஓரத்துல யாரோ கை நீட்டிக்கினு நிக்கறாங்க. அந்தக் கைய மட்டும் கட் பண்ணிடட்டுமா?” என்றான்.

வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். கேட்டவர்கள் எல்லோருக்கும் இங்கே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். எங்கள் வீட்டில் எந்தக் கேள்விக்கும் சின்னதாகப் பதில் சொல்லிப் பழக்கமில்லை, அதற்கும் அண்ணன்தான் காரணம்.

அண்ணன் பிறந்தது விழுப்புரத்தை அடுத்த கெடாரில். சொந்த நிலத்தில் பாடுபட்டுச் சாப்பிடும் குடும்பம். அப்பா மல்லாட்டை போடுவார், உளுந்து போடுவார், கிணற்றில் தண்ணீர் நின்ற ஆண்டுகளில் கரும்பும் போடுவார். வீட்டுக்கு அண்ணன் மூத்தவர், நான் கடைசி. அண்ணன் பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் அப்பா பாம்பு கடித்து இறந்துபோனார். அதற்குப் பிறகு மேலே படிக்கும் பேச்சை அண்ணன் எடுக்கவே இல்லை. நிலத்தையும் அம்மாவையும் என்னையும் சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். என்னைப் பள்ளிக்கு அனுப்பியதும் தையல் கற்க வைத்ததும் திண்டிவனத்தில் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். இன்று திண்டிவனத்தில் என் தையல் கடை ஓடுகிறது என்றால் முதல் தையல் இயந்திரம் அவர் கரும்பு வெட்டிய பணத்தில் வந்தது.

இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். அவரிடம் இருந்த ஒரு கோளாறும் தெரிந்திருக்கும். எதைக் கண்டாலும் அது எப்படி நிற்கிறது, எப்படிச் சுழல்கிறது என்று பிரித்துப் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. எங்கள் வீட்டு ரேடியோ பிரிந்தது, பக்கத்துக் கொல்லைக்காரரின் மோட்டார் பிரிந்தது. எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்துவிடுவார் என்றாலும், சேர்த்த பிறகு எப்போதும் ஒரு திருகாணி மிச்சம் இருக்கும். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு வாடகைக்கு எடுத்த தலைப்பாகையை வாங்கி, மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்த்துவிட்டார். முகூர்த்த நேரத்தில் என் வீட்டுக்காரர் வெறும் தலையோடு மணவறைக்கு வந்தார். இன்றைக்கும் அந்தக் கணக்கை என்னிடம்தான் தீர்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கோளாறுதான் அண்ணனைக் கிரீடத்திடம் கொண்டுபோய் விட்டது. ஊரில் அம்மன் திருவிழாவுக்குத் தெருக்கூத்து வைத்திருந்தார்கள். ராஜ வேஷம் கட்டியவர் பம்பரமாகச் சுற்றிச் சுற்றி ஆடுகிறார், அவ்வளவு பெரிய கிரீடம் அசையாமல் நிற்கிறது. ஊரே கதையைப் பார்த்தது, அண்ணன் கிரீடத்தைப் பார்த்தார். மறுநாள் காலையில் ஆட்டக்காரர்கள் படுத்திருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய், ராஜ வேஷக்காரரை எழுப்பியே கேட்டுவிட்டார்.

“அண்ணே, அத்தினி சுத்து சுத்துறீங்களே, எப்படிண்ணே வுழாம நிக்குது?”

எழுந்தவர் கோபப்பட்டிருக்கலாம். ஆனால் சிரித்தாராம். “இருபது ஊரு ஆடிட்டேன். அழுதவன் உண்டு, சிரிச்சவன் உண்டு. இதக் கேட்டவன் நீ ஒருத்தன்தான் தம்பி” என்றாராம். பிறகு அந்தக் குழுவுக்கே வாத்தியார் ஆனவர் அவர். உடைந்த கிரீடம் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, பிரித்துப் பார்த்துக்கொள் என்று கொடுத்தனுப்பினார். உள்ளே பார்த்தால் தங்கமும் இல்லை, தகரமும் இல்லை. எடை குறைந்த கல்யாண முருங்கைக் கட்டையைக் குடைந்து, அதன்மேல் ஜிகினாத் தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டியிருந்தது. ஆடுபவர் தலையில் சுற்றும் துணியை அந்தக் குடைவு கவ்விக்கொள்கிறது. எடை எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தால் கிரீடம் நிற்கும், ஒரு பக்கம் கூடினால் போச்சு. அண்ணன் செய்த முதல் கிரீடம் ஒரே சுற்றில் கழன்று எங்கள் எருமையின் கழுநீர்த் தொட்டியில் விழுந்தது. அடுத்தது நின்றது. அதிலிருந்து நிலத்து வேலை போக மீதி நேரமெல்லாம் கிரீடம், தோளில் கட்டும் புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என்று ஆனது. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பக்கமெல்லாம் குழுக்கள் அண்ணனைத் தேடி வந்தார்கள்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கிரீடம் முடிந்ததும் அப்படியே எடுத்துக் கொடுத்துவிட முடியாது. செய்தவர் முதலில் தன் தலையில் வைத்து, களத்தில் நடந்து, ஆடுபவர் போலவே சுற்றிப் பார்க்க வேண்டும். அதற்கு நடை பார்ப்பது என்று பெயர். நடை பார்க்காத கிரீடத்தை எந்த ஆட்டக்காரரும் தலையில் வைக்கமாட்டார். ஏன் இப்படி என்று அண்ணன் பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டார். கண்ணேறு கழிக்க என்றார் ஒருவர். சாமிக்குப் பயந்து என்றார் இன்னொருவர். கடைசியில் அண்ணனே ஒரு முடிவுக்கு வந்து எனக்குச் சொன்னார்.

“வேற ஒண்ணும் இல்ல பாப்பா. உன் தலையில வச்சிப் பாக்காதத அடுத்தவன் தலையில வைக்காதன்னு அர்த்தம்.”

நான் பேரப்பிள்ளை எடுத்த பிறகும் அவருக்குப் பாப்பாதான்.

நடை பார்க்கும்போது அண்ணன் வாய் திறக்கமாட்டார். பாட்டு இல்லை, வசனம் இல்லை. பேசிவிட்டால் அது வேஷம் ஆகிவிடும், நான் வேஷக்காரன் இல்லை என்பார். பக்கத்தில் அண்ணி நிற்பார். அண்ணிக்குப் பிறந்த ஊர் கிளியனூர். கல்யாணமாகி வந்த மறுநாளே புளியங்கொட்டைப் பசைக் கிண்ணத்தைக் கையில் கொடுத்து, “இந்தக் கண்ணாடிய இந்தக் கோட்டுல ஒட்டு பாக்கலாம்” என்று அண்ணன் உட்கார வைத்துவிட்டாராம். அன்று உட்கார்ந்தவர்தான். கட்டையைக் குடைவது அண்ணன், கண்ணாடி ஒட்டுவது அண்ணி. நடை பார்க்கும் நாளில் கிரீடம் கழன்றால் பிடித்துக்கொள்ள இரண்டு கையையும் நீட்டியபடி அண்ணன் சுற்றும் பக்கமெல்லாம் அண்ணியும் சுற்றுவார். பார்க்க எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவர்கள் இருவரும் சிரிக்கமாட்டார்கள்.

ஆக, சித்தப்பா கேட்டதற்குப் பதில்: அண்ணன் ஒருநாளும் கூத்து ஆடியதில்லை. ஆனால் அவர் தலையில் ஏறாத ராஜ கிரீடம் இந்த வட்டாரத்தில் குறைவு.

சில ஆண்டுகளுக்கு முன் பெய்த பெருமழை எல்லோருக்கும் நினைவிருக்கும். ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர் அண்ணனின் கொட்டகைக்குள் புகுந்தது. காயவைத்திருந்த கட்டைகள் ஊறி உப்பிப் போயின, ஜிகினாத் தாள் கூழானது, உளிகளையும் வெள்ளம் சேற்றோடு இழுத்துப்போனது. பங்குனியில் கூத்து தொடங்கிவிடும். அந்த நேரத்தில்தான், தொழில் கருவிகளை இழந்த பாரம்பரியக் கைவினைஞர்களுக்கு அரசு உதவி தருகிறது, மானியத்தோடு கடனும் உண்டு என்ற செய்தி வந்தது. ஆனால் கைவினைஞர் அட்டை இருக்க வேண்டும். எனக்குத் தையல்காரர் என்று அட்டை இருந்தது, சுலபமாகக் கிடைத்தது. அண்ணனுக்கு என்ன, ஊரறிந்த கைத்தொழில்காரர், கேட்டதும் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பி அவரை விழுப்புரம் அழைத்துப் போனேன்.

அலுவலகத்தில் ஓர் அம்மா இருந்தார். பொறுமையானவர். மண்பாண்டம், தச்சு, கொல்லு, கூடை, பாய், பூத்தொடுத்தல், தையல், பொம்மை என்று தொழில்களின் வரிசையைக் காட்டினார். கிரீடம் அதில் இல்லை.

“மரவேலைன்னு போட்டுக்கலாமா ஐயா?” என்றார்.

“போடலாங்க. ஆனா ஒரு ஸ்டூலு செய்யச் சொன்னீங்கன்னா எனக்குத் தெரியாதுங்களே” என்றார் அண்ணன்.

“அப்ப பொம்மை?”

அண்ணன் நன்றாக யோசித்தார். எனக்கோ அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது. அவருக்கு யோசிக்கக் கிடைத்ததே சந்தோஷம். “இல்லீங்கம்மா. பொம்மைக்கு உள்ள ஆளு இருக்காது. இதுக்கு உள்ள ஆளு இருந்தாதான் இது கிரீடம். இல்லன்னா வெறும் கட்ட” என்றார்.

அந்த அம்மாவும் பேனாவை வைத்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. “சரி, பரம்பரைத் தொழிலா?” என்று அடுத்ததைக் கேட்டார். நான் அண்ணனின் முழங்கையைக் கிள்ளினேன். பலிக்கவில்லை.

“இல்லீங்க. எங்க அப்பா மல்லாட்டை போட்டாரு. இது நானா பிரிச்சிப் பாத்துக் கத்துக்கினது.”

அன்று வெறுங்கையோடு திரும்பினோம். பேருந்தில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். “இப்படி அரிச்சந்திரனாட்டம் பேசினா எவன் குடுப்பான்?” என்று கேட்டும்விட்டேன். அண்ணனுக்கு வருத்தம் தெரியவில்லை. “அந்த அம்மா மேல தப்பு இல்ல பாப்பா. லிஸ்ட்டு போட்டவரு கூத்துல ராத்திரியெல்லாம் தூங்கியிருப்பாரு. அதான் கிரீடம் வுட்டுப்போச்சு” என்றார். சிறிது தூரம் போன பிறகு, “அப்ப நான் யாரு பாப்பா?” என்று என்னிடமே கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை என்பதை அடுத்த சில மாதங்களில் பார்த்தேன்.

வாத்தியார் ஒரு வழி சொன்னார். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று தனியாக ஓர் அட்டை உண்டு. “முகத்துல அரிதாரம் பூசி ஒரு போட்டோ எடுத்துக்கோ தம்பி. நம்ம குழுவுல ஆடுறவன்னு நாங்க எல்லாரும் கையெழுத்து போடறோம். ஜல்தி வேல முடிஞ்சிடும்” என்றார். அவர் சொன்னது அன்பினால்தான். அண்ணன் மறுத்துவிட்டார். “ஒரு நாள் கூட ஆடாதவன் ஆடினேன்னு சொல்லிக்கினு போய் நின்னா, கால் தேய ஆடினவன் எங்க நிப்பான் வாத்தியாரே?” என்றார். ஆடுபவர் பட்டியலிலும் அவர் இல்லை, செய்பவர் பட்டியலிலும் இல்லை. நிலப்பட்டா மட்டும் அவரை விவசாயி என்றது. அதையும் அவர் மறுக்கவில்லை, ஆனால் அது பாதிதான் என்றார்.

கடன் வாங்கி உளி வாங்கினார். பாதிக் கிரீடங்கள்தான் அந்தப் பங்குனிக்குத் தயாராயின. அண்ணி கடனுக்கு வாங்கிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டிக்கொண்டே, “அட்ட இருந்தாலும் இல்லாங்காட்டியும் பச காயறதுக்கு அதே நேரந்தான்” என்பார். ஆனால் அண்ணனுக்குக் கடனைவிட, தன்னை எங்கே சேர்ப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை என்பதுதான் உறுத்தியது.

அந்த அலுவலர் அம்மா மறக்கவில்லை. நாங்கள் எதிர்பாராத ஒரு நாளில் ஜீப்பில் கெடாருக்கே வந்துவிட்டார். கூடவே மேலதிகாரி ஒருவரும், படம் எடுக்க ஒரு தம்பியும் வந்திருந்தார்கள். செய்து காட்டச் சொன்னார்கள். அண்ணன் கட்டையைக் குடைந்து காட்டினார். முடிந்த கிரீடம் ஒன்று அங்கே இருந்தது. நன்றாக இருக்கிறதே, முடிந்துவிட்டதா என்று மேலதிகாரி கேட்டார். “இன்னும் முடியலீங்க. நடை பாக்கணும்” என்றார் அண்ணன்.

பிறகு அந்த வெயிலில், சட்டை போடாத உடம்போடு, களத்தில் இறங்கித் தலையில் துணி சுற்றி, கிரீடத்தை வைத்தார். நடந்தார். சுற்றினார். அறுபதைத் தாண்டிய மனிதர் அப்படிச் சுற்றி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அண்ணி வழக்கம்போல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கூடவே ஓடினார். மேலதிகாரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அண்ணன் சுற்றி நின்ற அந்தக் கணத்தில் தம்பி படம் எடுத்தான். அந்தப் படம்தான் நீங்கள் அட்டையில் பார்ப்பது. ஓரத்தில் தெரியும் கை அண்ணியின் கை. உற்றுப் பார்த்தால் விரல் நுனியில் பசை காய்ந்திருப்பது தெரியும்.

மேலதிகாரி மூச்சு விட்டார். “சரிம்மா, ‘இதர’ன்னு ஒரு பிரிவு இருக்குதில்ல, அதுல போடுங்க” என்றார். அண்ணனுக்கு அட்டை கிடைத்தது, மானியக் கடனும் கிடைத்தது. கொட்டகைக்குத் தரையை உயர்த்தி, சிமெண்டு ஓடு போட்டார். இதற்காக அந்த இருவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள். அண்ணன் ஜீப் கிளம்பும் நேரத்தில் ஓடிப்போய் அலுவலர் அம்மாவிடம் கேட்டார்:

“இதரன்னு போட்டீங்களேம்மா, அதுல இன்னும் யார் யார் இருக்காங்க?”

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரும் இதைக் கேட்டதில்லை என்றார். பெயரைச் சொல்ல விதி இடம் கொடுக்காது, தொழிலை வேண்டுமானால் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிப் போனார். சொன்னபடியே ஒருநாள் கைபேசியில் சொன்னார். அவ்வளவுதான், எனக்கு வேலை வந்தது. திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு வந்து இறங்கி, “கிளம்பு பாப்பா, நம்ம ஆளுங்களப் பாத்துட்டு வரலாம்” என்பார். கடையில் பாதித் தைத்த ரவிக்கையை அப்படியே போட்டுவிட்டு நானும் கிளம்புவேன். ஊருக்குப் போய் டீக்கடையில் தொழிலைச் சொல்லி விசாரிப்போம்.

அண்ணி பிறந்த கிளியனூருக்குப் பக்கத்திலேயே ஓர் அம்மா, சவுரி முடி பின்னுபவர். கூத்துக்காரர்களுக்கும் அவரே பின்னுகிறார். பல ஆண்டுகளாக அவருடைய சவுரியும் அண்ணனுடைய கிரீடமும் ஒரே தலையில் ஏறி ஆடியிருக்கின்றன. இருவரும் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சவுரியின் பின்னலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அண்ணன். பிரிக்கக் கேட்டுவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். கேட்டார். அந்த அம்மா, “பிரிச்சிக்கோங்க, ஆனா நீங்களே பின்னிக் குடுத்துட்டுப் போங்க” என்றார். அன்று கடைசிப் பேருந்தைத் தவறவிட இருந்தோம்.

மரக்காணத்துப் பக்கம் கடற்கரைக் குப்பம் ஒன்றில் ஒரு பெரியவர். தேய்ந்த ரப்பர் செருப்புகளை வெட்டி வலைக்கு மிதவை செய்கிறார். ஒரு கைப்பிடி மிதவையைத் தண்ணீரில் போட்டு, ஒரே மட்டத்தில் மிதக்கிறதா என்று பார்த்து, சாய்ந்ததைச் சீவினார். “நம்ம நடை மாதிரியேதான் பாப்பா” என்று அண்ணன் என் காதில் சொன்னார். திருவக்கரைக் கோயில் வாசலில், நேர்த்திக்கடனுக்குத் தகட்டில் கண், கை, கால் வெட்டித் தருபவர் ஒருவர். எது அதிகமாக விற்கும் என்று அண்ணன் கேட்டார். “முன்னெல்லாம் கண்ணு. இப்ப காலுதாங்க. ஊர்ல எல்லாருக்கும் மூட்டுவலி” என்றார் அவர். அங்கேயே கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் பூங்காவுக்கும் அண்ணன் என்னை இழுத்துப்போனார். கல்யாண முருங்கை கல்லாகுமா என்று காவலாளியிடம் கேட்டு, அவரும் தெரியாது என்று சொல்ல, இருவரும் அதைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கால் வலித்தது. திரும்பி வந்து ஒரு தகட்டுக் கால் வாங்கிக் கோயில் உண்டியலில் போட்டேன்.

இந்தப் பயணங்களுக்கு அண்ணி வந்ததில்லை. கூப்பிட்டால், “நானும் வந்துட்டா கண்ணாடி யாரு ஒட்டுறது? இதர இதரன்னு இவரு ஒரு பக்கம் சுத்துறாரு, பேஜாரு புடிச்ச மனுஷன்” என்பார். சொல்லிவிட்டு வழியில் சாப்பிடக் கேப்பை அடை கட்டிக்கொடுப்பார். அண்ணனும் நானும் அதைச் சாப்பிட்டுக்கொண்டே, இந்த மாவட்டத்தில் பட்டியலில் அடங்காதவர்கள் இன்னும் எங்கெங்கே இருப்பார்கள் என்று பேசிக்கொண்டு போவோம். அண்ணன் அந்த ஒரு வருடத்தில் இருந்த மாதிரி சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு உடம்பு படுத்தத் தொடங்கியது. மூச்சு வாங்கியது. நுரையீரலில் கோளாறு என்றார்கள். அரசு மருத்துவமனையில் படுக்கையில் இருந்தபோதும், குளுக்கோஸ் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சக்கரம் எப்படி வேலை செய்கிறது என்று செவிலியர் ஒவ்வொருவரிடமும் கேட்டார். பொறுமையாகச் சொன்ன அந்தப் பெண்களுக்கு நாங்கள் கைகூப்புகிறோம். வீட்டுக்கு வந்த பிறகு வாத்தியாருக்காகக் கடைசியாக ஒரு கிரீடம் குடைந்தார். உட்கார்ந்து கொஞ்சம், படுத்துக் கொஞ்சம் என்று குடைந்தார். அண்ணி பக்கத்திலேயே இருந்து கண்ணாடி ஒட்டினார். முடிந்ததும் அண்ணன் நடை பார்க்க எழுந்தார், கால் நிற்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே தலையில் வைத்து இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டுக் கழற்றினார். “இது நடையில்ல. நாளைக்குப் பாக்கறேன்” என்றார். அந்த நாளை வரவில்லை. தை மாதத்தில் ஒரு விடியற்காலை, மகனும் மகளும் அண்ணியும் நானும் பக்கத்தில் இருக்க, எங்கள் அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

காரியம் முடிந்த அன்று மாலை வாத்தியார் வந்தார். சாமி படத்துக்குப் பக்கத்தில் கிரீடம் துணி போர்த்தி இருந்தது. மகன் அதை எடுத்து அவர் கையில் கொடுத்தான். வாத்தியார் வாங்கவில்லை.

“எங்க தம்பி செஞ்சத இத்தினி வருஷமா தலையில வச்சிக்கினு இருக்கேன். நடை பாக்காதத ஒரு நாளும் வச்சதில்ல. இப்ப செஞ்சவரு இல்லியே, நான் இன்னா பண்ணுவேன்?” என்று சொல்லி அழுதுவிட்டார்.

மகன் நான் பார்க்கிறேன் என்றான். வாத்தியார் மறுத்துத் தலையசைத்தார். செய்தவர்தான் பார்க்க வேண்டும். அப்படியென்றால் அந்தக் கிரீடம் இனி யார் தலையிலும் ஏறாது, பெட்டியில்தான் கிடக்கும். அப்போது உள்ளேயிருந்து அண்ணி வந்தார்.

“கண்ணாடி ஒட்டினது நான்தானே” என்றார்.

சொல்லிவிட்டு யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு துண்டை எடுத்துத் தலையில் சுற்றி, கிரீடத்தை வைத்துக்கொண்டு களத்தில் இறங்கினார். நெற்றியில் பொட்டில்லாமல், கழுத்தில் ஒன்றுமில்லாமல், தலையில் மட்டும் ராஜ கிரீடம். “ஈரம் கூட காயல, இது இன்னாடி கோலம்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யார் குரல் என்று எழுதமாட்டேன், அவருக்கும் இந்த மலர் போய்ச் சேரும். கோபம் இருந்தால் என்மேல் காட்டுங்கள் அம்மா, அண்ணிமேல் வேண்டாம். ஏனென்றால் அண்ணி நடக்க ஆரம்பித்ததும் நீங்களும் வாயை மூடிக்கொண்டீர்கள்.

அண்ணி நடந்தார். பேசவில்லை. ஒரு சுற்று சுற்றினார். பிடிப்பதற்கு யாரும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நான் நின்றேன். இரண்டாவது சுற்றில் அண்ணி நின்றுவிட்டார். “பின்னாடி இழுக்குது” என்றார். களத்திலேயே உட்கார்ந்து கிரீடத்தைக் கவிழ்த்து வைத்து, அண்ணனின் உளியைக் கேட்டு வாங்கி, பின்பக்கம் உள்ளே கொஞ்சம் சீவினார். அவர் உளி பிடித்து நாங்கள் ஒருவரும் பார்த்ததில்லை. மறுபடியும் வைத்துச் சுற்றினார். சேலைத் தலைப்பு பறந்தது, கிரீடம் அசையவில்லை. கழற்றி வாத்தியாரிடம் கொடுத்தார். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தப் பங்குனியில் அந்தக் கிரீடம் ஊர் ஊராக ஆடியது.

இதரவில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று அண்ணன் மாவட்டம் முழுக்கத் தேடிப் போனார். நானும் கூடவே அடை தின்றுகொண்டு போனேன். வீட்டில் பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தவரை நாங்கள் இருவருமே எண்ணிச் சேர்க்கவில்லை. அண்ணன் இருந்திருந்தால், இது எப்படி நம் கண்ணில் படாமல் போனது என்று அதையும் பிரித்துப் பார்த்திருப்பார்.

எங்கள் அண்ணனின் இறுதி நாட்களில் ஓடி ஓடி உதவிய கெடார் அக்கம்பக்கத்தாருக்கும், மருத்துவம் பார்த்தவர்களுக்கும், தோள் கொடுத்த கூத்துக் குழுவினருக்கும், ஜீப்பில் தேடி வந்து ஒருவரை அவர் எப்படியோ அப்படியே ஏற்றுக்கொண்ட அதிகாரிகளுக்கும் எங்கள் நன்றி. சவுரி பின்னும் கிளியனூர் அம்மா, மிதவைப் பெரியவர், திருவக்கரைத் தகட்டுக்காரர் மூவரும் சாவு வீட்டில் ஒன்றாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உறவு முறை கேட்டவர்களுக்கு, “நாங்க இதர” என்று சொன்னார்களாம். அவர்களுக்கும் நன்றி.

ஓராண்டு நிறையும் முன்பே அண்ணியை விழுப்புரம் அழைத்துப் போனேன். வேண்டாம் என்றவரை வம்படியாகத்தான் கூட்டிப்போனேன். அதே அலுவலகம், அதே அம்மா. அண்ணன் காலமான செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது. எழுந்து நின்று அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்து, தொழிலைக் கேட்டு எழுதினார். அடுத்த கேள்வி என்ன என்பது எனக்குத் தெரியும். என் கை தானாகவே அண்ணியின் முழங்கையைத் தேடிப்போனது.

“பரம்பரைத் தொழிலாம்மா?”

நான் கிள்ள வேண்டியிருக்கவில்லை.

“ஆமாங்க” என்றார் அண்ணி. “எங்க வூட்டுக்காரருகிட்ட இருந்து வந்துது.”